எதிரணியில் நின்ற வெள்ளையர்

1964 ஜூன் 12 அன்று தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நீதிமன்றத்தில், நிறவெறி ஆட்சிக்கு எதிராக நாசவேலை செய்ததாக மண்டேலா உள்ளிட்டோர் மீது நடந்த ரிவோனியா வழக்கின் தண்டனை விவரம் வாசிக்கப்பட்டது. எட்டுப் பேருக்கும் தூக்குதான் என்று உறவினர்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். நீதிபதி தாழ்ந்த குரலில் வேகமாகப் படித்துவிட்டு எழுந்துபோக, பார்வையாளர் பகுதியில் இருந்த ஒரு தாய்க்கு ஒன்றுமே காதில் விழவில்லை. என்ன தண்டனை என்று அவர் பதறிக் கேட்டார். ஆயுள் தண்டனைதான், உயிரோடு இருக்கப்போகிறோம் என்று மகன் டெனிஸ் கோல்ட்பெர்க் கூண்டிலிருந்தே சத்தமாகச் சொன்னார். அவருக்கு அப்போது 31 வயது.

மண்டேலா, வால்டர் சிசுலு, அகமது கத்ராடா உள்ளிட்ட மற்ற ஏழு பேரையும் விமானத்தில் ஏற்றி ரோபன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கோல்ட்பெர்க் மட்டும் பிரிட்டோரியாவிலேயே தங்கினார். அவர் வெள்ளையர், ரோபன் தீவில் வெள்ளைக் கைதிகளை அடைப்பதில்லை. தீவுக்குப் போன ஏழு பேருக்குள்ளும் பாகுபாடு இருந்தது. இந்திய வம்சாவளியினரான கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டையும் ரொட்டியும் கிடைத்தன. அவரைவிட மூத்தவரான மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டைதான், ரொட்டி கிடையாது. குற்றச்சாட்டு ஒன்று, வழக்கு ஒன்று, தண்டனையும் ஒன்று. சிறையும் சோறும் மட்டும் நிறத்துக்கு ஏற்றபடி.

கோல்ட்பெர்க்கைப் போன்றவர்கள் ஏன் அந்தக் கூண்டில் ஏறினார்கள் என்பது ஒரு கேள்வி. அவர்கள் வந்து சேர்ந்ததால் போராட்டத்துக்குப் பலன் விளைந்ததா, பாரம் கூடியதா என்பது அதைவிடக் கடினமான கேள்வி. இரண்டாவது கேள்வியைத் தென்னாப்பிரிக்க விடுதலை இயக்கம் பல பத்தாண்டுகள் தனக்குள்ளேயே சண்டையிட்டு விவாதித்தது. நேர்மையான அந்தச் சண்டைதான் இந்த வரலாற்றின் சிறந்த பகுதி.

முதலில் எண்ணிக்கையை நேராகப் பார்த்துவிட வேண்டும். 1960 வாக்கில் தென்னாப்பிரிக்க மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வெள்ளையர். 1948இல் நிறவெறிக் கொள்கையை முன்வைத்து ஆட்சியைப் பிடித்த தேசியக் கட்சி, அதன்பின் 1994 தேர்தலுக்கு முன்புவரை எல்லாப் பொதுத்தேர்தல்களிலும் வென்றது. வாக்களித்தவர்கள் அநேகமாக வெள்ளையர்களே. அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்து கறுப்பின மக்களோடு தோள் சேர்த்தவர்கள் ஒரு காலத்தில் சில நூறு பேர், பிறகு சில ஆயிரம் பேர். வெள்ளை மனசாட்சி விழித்துக்கொண்டதால் நிறவெறி வீழ்ந்தது என்று யாராவது கதை சொன்னால் நம்பக் கூடாது. அதை வீழ்த்தியவர்கள் கறுப்பின மக்கள்.

வெள்ளையர் துணைநின்ற கதை தமிழர்களிடமிருந்து தொடங்குகிறது என்றுகூடச் சொல்லலாம். 1913இல் ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர் மீதான மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து இந்தியத் தொழிலாளர்கள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். நடந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தப் போராட்டத்தில் காந்தியோடு ஹெர்மன் காலன்பாக், ஹென்றி போலாக் என்ற இரண்டு ஐரோப்பியர்களும் சிறை சென்றார்கள். கட்டடக் கலைஞரான காலன்பாக், சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காக ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கர் நிலத்தை 1910இலேயே கொடுத்திருந்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில் 1914 பிப்ரவரியில் இறந்தது இந்தப் போராட்டத்தில்தான். ஆனால் இதைப் பல இன இயக்கம் என்று அழைக்க முடியாது. அந்த நாட்டின் பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கர்கள் அதில் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து வேறொரு வகை வெள்ளைப் போராட்டமும் நடந்தது. 1922இல் ராண்ட் சுரங்கப் பகுதியில் வெள்ளைத் தொழிலாளர்கள் ஆயுதமேந்திக் கிளர்ந்தார்கள். உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள் என்ற முழக்கத்தோடு, வெள்ளைத் தென்னாப்பிரிக்காவுக்காகப் போராடுங்கள் என்பதையும் அவர்களின் பதாகை ஒன்று சேர்த்துக்கொண்டது. குறைந்த கூலிக்குக் கறுப்பர்களை அமர்த்தித் தங்கள் வேலையை முதலாளிகள் பறித்துவிடுவார்கள் என்பதுதான் அவர்கள் கோபம். வர்க்கம் ஒன்றாக இருந்தால் நிறம் தானாகக் கரைந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அடி.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காட்சி மாறியது. இந்தியர்கள் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1946இல் வந்தபோது, டர்பனில் கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சந்திக்கும் முனையில் காலி மனையொன்றில் கூடாரம் அடித்து இந்தியர்கள் அறப்போர் தொடங்கினார்கள். டாக்டர் மாண்டி நாயக்கர், டாக்டர் யூசுப் டாடூ தலைமை தாங்கினார்கள். தமிழ்ப் பெண் மருத்துவரான டாக்டர் கூனம் சிறை சென்றார். இரவுகளில் வெள்ளை இளைஞர்கள் கும்பலாக வந்து கூடாரங்களைக் கிழித்து, உள்ளே இருந்தவர்களை அடித்துப்போட்டார்கள். அடி வாங்கிய அறப்போராளிகளோடு போய் நின்றவர் மைக்கேல் ஸ்காட் என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார். அவருக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. அடுத்த ஆண்டே அவரும் இளம் பத்திரிகையாளர் ரூத் ஃபர்ஸ்டும் பெத்தல் வட்டாரத்து உருளைக்கிழங்குப் பண்ணைகளில் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் அடிமைகளைப் போல நடத்தப்படுவதை வெளிக்கொண்டுவந்தார்கள்.

1952 சட்ட மறுப்பு இயக்கம்தான் பெரிய திருப்பம். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசும் தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரசும் சேர்ந்து நடத்திய அதில் 8,000 பேருக்கு மேல் கைதானார்கள். அனுமதி இல்லாத வாசலில் நுழைவது, அனுமதி இல்லாத பெஞ்சில் அமர்வது என்பதுதான் போராட்ட முறை. அந்த டிசம்பரில் ஜெர்மிஸ்டன் நகரின் ஆப்பிரிக்கர் குடியிருப்புக்குள் அனுமதியின்றி நுழைந்த குழுவில் காந்தியின் மகன் மணிலாலும், நாட்டின் முன்னாள் கவர்னர் ஜெனரலின் மகன் பாட்ரிக் டங்கனும் இருந்தார்கள். கால் முறிந்திருந்த டங்கன் ஊன்றுகோல்களோடு நடந்து போய்க் கைதானார். கேப் டவுன் தபால் நிலையத்தில் கறுப்பர்களுக்கென ஒதுக்கிய இடத்தில் போய் உட்கார்ந்த ஆல்பி சாக்ஸுக்கு 17 வயது. சிறுவன் என்பதால் நீதிபதி அவரை அம்மாவிடம் ஒப்படைத்து அனுப்பிவிட்டார்.

தனித்தனியாக வந்த இவர்களை ஓர் அமைப்புக்குள் கொண்டுவரும் முயற்சி அப்போதுதான் பிறந்தது. 1952 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் வெள்ளையர்களை அழைத்து நடந்த கூட்டத்தில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் ஆலிவர் டாம்போவும் இந்தியக் காங்கிரசின் யூசுப் கச்சாலியாவும் பேசினார்கள். எங்கள் மேடைக்கு வந்து வாழ்த்துச் சொல்லிப் போவதைவிட, உங்கள் மக்களிடையே உங்கள் அமைப்பைக் கட்டுங்கள் என்பதே அவர்கள் வைத்த கோரிக்கையின் சாரம். அழைப்பு கறுப்புத் தலைமையிடமிருந்து வந்தது. வெள்ளையர் தாமாக முன்வந்து உதவி நல்கிய கதையாக இதைச் சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு ஜனநாயகவாதிகள் காங்கிரஸ் என்ற அமைப்பு உருவானது. 1950இல் தடைக்கு முன்பே கலைந்துபோன கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் அதில் நிறைய இருந்தார்கள். ஜோ ஸ்லோவோவைப் போல லித்துவேனியாவிலிருந்து சிறுவனாகக் கப்பலேறி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இந்தக் காங்கிரஸ்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பின் வடிவமே விசித்திரமானது. ஆப்பிரிக்கருக்கு ஒரு காங்கிரஸ், இந்தியருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, வெள்ளையருக்கு ஒன்று. கூடவே எல்லா இனத்தவரும் சேர்ந்த தொழிற்சங்கக் காங்கிரஸ். இனவாரியாகப் பிரிப்பதை எதிர்க்கும் இயக்கம் தானே இனவாரியாகப் பிரிந்து நிற்பதா? வேறு வழி இல்லை என்றார்கள். 1950இல் வந்த சட்டங்கள் ஒவ்வொருவர் நெற்றியிலும் இனத்தை எழுதி, குடியிருக்கும் தெருவையும் அதன்படியே பிரித்துவிட்ட நாட்டில், ஆள் திரட்டுவதைத் தெருவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாட்டின் பலனை 1955 ஜூனில் கிளிப்டவுன் கண்டது. திறந்தவெளி மைதானத்தில் கூடிய சுமார் 3,000 பிரதிநிதிகளில் வெள்ளையர் நூறைச் சுற்றித்தான் இருந்திருப்பார்கள். நாடு அதில் வாழும் எல்லோருக்கும் சொந்தம் என்று அறிவித்த சுதந்திர சாசனம் அங்கே நிறைவேறியது. ஊர் ஊராகத் தாள் துண்டுகளில் எழுதி வந்த கோரிக்கைகளைத் தொகுத்து வரைவாக்கியதில் பெரும்பங்கு ரஸ்டி பெர்ன்ஸ்டைன் என்ற வெள்ளையருடையது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று, ஆப்பிரிக்கர் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்துச் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியா அரசு மாளிகைக்குச் சென்றபோது முன்னால் நடந்தவர்கள் நால்வர்: லிலியன் இங்கோயி, ரஹிமா மூசா, சோபியா வில்லியம்ஸ், ஹெலன் ஜோசப். இங்கிலாந்தில் பிறந்த ஹெலன், தென்னாப்பிரிக்காவுக்குப் போவதற்கு முன் நம் ஹைதராபாத்தில் ஆசிரியையாக வேலை பார்த்தவர். 1962இல் அந்த நாட்டில் முதன்முதலாக வீட்டுக் காவலில் வைக்கப்பட்டவரும் அவர்தான்.

1956 டிசம்பரில் அரசு 156 பேரைத் தேசத்துரோக வழக்கில் பிடித்தது. 105 ஆப்பிரிக்கர், 23 வெள்ளையர், 21 இந்தியர், 7 கலப்பினத்தவர். ஜாமீன் தொகையை நிறம் பார்த்து நிர்ணயித்தார்கள்: வெள்ளையருக்கு 250 பவுன், இந்தியருக்கு 100, ஆப்பிரிக்கருக்கும் கலப்பினத்தவருக்கும் அதைவிடக் குறைவு. 1961 மார்ச்சில் கடைசி ஆள் வரை விடுதலையானார்கள்.

எதிர்ப்பு உள்ளிருந்தும் வந்தது. சில நூறு பேர் கொண்ட வெள்ளையர் காங்கிரசுக்கும், ஒரு லட்சம் பேரைத் திரட்டக்கூடிய ஆப்பிரிக்கக் காங்கிரசுக்கும் கூட்டுக் குழுவில் சமமான இடமா என்று ஆப்பிரிக்கவாதிகள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. ராபர்ட் சொபுக்வே தலைமையில் அவர்கள் 1959இல் பிரிந்து சென்று பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸைத் தொடங்கினார்கள். சொபுக்வே வெள்ளையரை வெறுத்தவர் அல்லர். மனித இனம் ஒன்றுதான் என்று மேடைதோறும் சொன்னவர். ஆனால் அடிமைப்பட்டவன் தன் காலில் நின்று எழுந்த பிறகே சமமாகக் கைகுலுக்க முடியும் என்பது அவர் வாதம். சில ஆண்டுகள் கழித்து அந்த அமைப்பில் சேர்ந்த முதல் வெள்ளையர், ஊன்றுகோலோடு கைதான அதே பாட்ரிக் டங்கன்.

இன்னொரு பக்கம் லிபரல்கள். நாவலாசிரியர் ஆலன் பேட்டன் போன்றோர் 1953இல் தொடங்கிய லிபரல் கட்சி எல்லா இனத்தவரையும் ஒரே உறுப்பினர் பட்டியலில் சேர்த்தது. 1968இல் பல இனத்தவர் சேர்ந்த கட்சிகளே கூடாது என்று அரசு சட்டம் போட்டது. வெள்ளையர் கட்சியாக மாறித் தொடர்வதா, கலைப்பதா? லிபரல் கட்சி கலைத்துக்கொண்டது. முற்போக்குக் கட்சி வெள்ளையர் கட்சியாகத் தொடர்ந்தது. 1961 முதல் 1974 வரை அதன் ஒரே நாடாளுமன்ற உறுப்பினரான ஹெலன் சுஸ்மான், 13 ஆண்டுகள் அந்த அவையில் தனியாளாகக் கேள்வி கேட்டார். சிறைக்குள் போய்ப் பார்க்கும் உரிமை எம்.பி.க்கு இருந்ததால் அவர் ரோபன் தீவுக்கும் போய்வந்தார். எந்த முடிவு சரி என்று இன்று அடித்துச் சொல்வது கடினம். இரண்டுக்கும் மதிப்பு இருக்கிறது.

விமர்சனத்தின் கூர்முனை, கறுப்பின மாணவர் தலைவர் ஸ்டீவ் பீகோ. 1967இல் கிரகாம்ஸ்டவுனில் நடந்த தேசிய மாணவர் சங்க மாநாட்டுக்குக் கறுப்பின மாணவர்களும் போயிருந்தார்கள். பகலில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து நிறவெறியைக் கண்டிக்கலாம். இரவானதும் வெள்ளை மாணவர்கள் பல்கலைக்கழக விடுதியில் தங்கினார்கள், ஆப்பிரிக்க மாணவர்கள் நகருக்கு வெளியே கறுப்பர் குடியிருப்பில் தூங்கப் போனார்கள். மாநாட்டை ஒத்திவைப்போம் என்று பீகோ தீர்மானம் கொண்டுவந்தார், அது தோற்றது. 1969இல் கறுப்பின மாணவர்களுக்கான தனி அமைப்பு உருவானது. வலியைச் சுமப்பவன் ஒருவன், அதைப் பற்றிப் பேசுகிறவன் வேறொருவன் என்ற நிலையைத்தான் பீகோ தாக்கினார். நோய் வெள்ளைச் சமூகத்தில் இருக்கிறது, வெள்ளையர் அங்கே போய் வேலை செய்யட்டும் என்றார்.

பல வெள்ளை லிபரல்கள் இதில் மனம் புண்பட்டார்கள். இளையவர்கள் சிலர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள், இயக்கத்துக்கு நல்லதாயிற்று. டர்பனில் நேட்டால் பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் நடத்திய ரிக் டர்னர் பீகோவின் நண்பர்; அவரைச் சுற்றியிருந்த வெள்ளை மாணவர்கள் தொழிற்சாலை வாசல்களுக்குப் போய் ஆப்பிரிக்கத் தொழிலாளியின் கூலியையும் வாழ்க்கைச் செலவையும் கணக்கெடுத்தார்கள். ஆப்பிரிக்கர் சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் இல்லாத காலம் அது. 1973 ஜனவரியில் டர்பன் செங்கல் ஆலை ஒன்றில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒன்றிரண்டு மாதங்களில் பல்லாயிரம் தொழிலாளர்களை வீதிக்கு இழுத்தது. வேலையை நிறுத்தியவர்கள் தொழிலாளர்கள். மாணவர்கள் தட்டச்சு செய்தார்கள், சட்டம் படித்துச் சொன்னார்கள், துண்டறிக்கை விநியோகித்தார்கள். இந்தப் பங்கீடுதான் சரியான பங்கீடு. டர்னரை 1978 ஜனவரியில் வீட்டு ஜன்னல் வழியே சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர் யார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

துணைநின்ற வெள்ளையர் செய்த வேலைகளிலேயே மிக அமைதியானதும் மிக நீண்டதும் பிளாக் சாஷ் பெண்களுடையது. 1955இல் கலப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்க அரசு அரசியல் சட்டத்தை வளைத்தபோது, நடுத்தர வர்க்க வெள்ளைப் பெண்கள் தோளில் கறுப்புப் பட்டை அணிந்து அமைச்சர்கள் வரும் வழிகளில் வாய் திறக்காமல் நின்றார்கள். அப்போது அவர்கள் துக்கம் அரசியல் சட்டத்துக்காக மட்டுமே. ஆப்பிரிக்கருக்கு வாக்குரிமை என்பதை அந்த வரிசையில் நின்றவர்களில் பலர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அவர்களை மாற்றியது மேசை வேலை. பாஸ் சட்டத்தில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை சொல்ல அவர்கள் அலுவலகங்கள் திறந்தார்கள். நகரத்தில் தங்க ஓர் ஆப்பிரிக்கருக்கு உரிமை வேண்டுமென்றால், அங்கேயே பிறந்திருக்க வேண்டும், அல்லது ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 10 ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும், அல்லது 15 ஆண்டுகள் முறைப்படி குடியிருந்திருக்க வேண்டும். இதை நிரூபிக்கும் பொறுப்பு அந்த ஏழையின் தலையில். கசங்கிய சம்பளச் சீட்டு, ஞானஸ்நானச் சான்று, முதலாளியின் கடிதம் என்று ஒவ்வொன்றாக மேசையில் பரப்பி வைத்து, ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்து, அதிகாரிக்கு எழுதினார்கள். பல நாள் தோற்றார்கள். ஆனால் அந்தக் கோப்புகள் வளர்ந்துகொண்டே போயின. பாஸ் சட்டம் எப்படிக் குடும்பங்களைப் பிய்க்கிறது என்பதற்கு அவையே சாட்சியமாயின. ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பித்து வேலை பார்த்த டாம் ரிகோட்டோ என்ற தொழிலாளியும் தொடர்ந்து 10 ஆண்டு உழைத்தவரே என்று 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. மூன்று ஆண்டுகள் கழித்து பாஸ் சட்டமே நீங்கியது.

பிராம் பிஷரை விட்டுவிட்டு, இவர்கள் ஏன் கூண்டில் ஏறினார்கள் என்ற கேள்வியைப் பேச முடியாது. டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர்களில் பெருங்குடும்பம் அவருடையது; தாத்தா ஆரஞ்சு நதிக் குடியேற்றத்தின் பிரதமர், தந்தை ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் தலைமை நீதிபதி. பிஷரும் விரும்பியிருந்தால் நீதிபதியாகவோ பிரதமராகவோ ஆகியிருப்பார் என்று அவர் விரோதிகளே சொன்னார்கள். ரிவோனியா வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோர் தரப்பு வழக்கறிஞர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இயக்கத்தவர் ரகசியமாகக் கூடிய ரிவோனியா பண்ணை வீட்டுக்குப் போய்வந்தவர்களில் அவரும் ஒருவர் என்பது அரசுக்கு அப்போது தெரியாது. பண்ணைத் தொழிலாளர்கள் சாட்சி சொன்ன நாட்களில், தன்னை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று அவர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. வழக்கு முடிந்த மறுநாளே கார் விபத்தில் மனைவி மோலியை இழந்தார்.

அவரும் கைதானார். லண்டனில் ஒரு காப்புரிமை வழக்கில் வாதிட ஜாமீன் கேட்டார், கிடைத்தது. அங்கேயே தங்கிவிடும்படி நண்பர்கள் கெஞ்சினார்கள். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். பிறகு 1965 ஜனவரியில், வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே தலைமறைவானார். தாடி வளர்த்து, முடிக்குச் சாயம் பூசி, பெயரை மாற்றிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க்கிலேயே ஏறக்குறைய பத்து மாதங்கள் வாழ்ந்தார். பிடிபட்டதும் 1966இல் ஆயுள் தண்டனை. ஆப்பிரிக்கானர்கள் செய்யும் கொடுமைக்கு எதிராக ஓர் ஆப்பிரிக்கானராவது நின்றாக வேண்டும் என்பது நீதிமன்றத்தில் அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. 1974இல் சிறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதைக் கண்டுபிடிக்கவே சிறை மருத்துவர்களுக்குப் பல நாட்கள் ஆயின. புற்றுநோயும் பரவியிருந்தது. எழுந்து நடக்க முடியாதவரைக் குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டவர் சக கைதி டெனிஸ் கோல்ட்பெர்க். 1975 மே மாதம் பிஷர் இறந்தார். எரியூட்டியபின் சாம்பலைச் சிறைத்துறை கேட்டு வாங்கிக்கொண்டது.

எல்லோரும் இவ்வளவு தெளிவாக இருக்கவில்லை. இளம் லிபரல்கள் சிலர் சேர்ந்து ஆப்பிரிக்க எதிர்ப்பு இயக்கம் என்ற பெயரில் மின்கம்பங்களைத் தகர்த்தார்கள். அதைச் சேர்ந்த ஜான் ஹாரிஸ் 1964 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்தில் வைத்த குண்டில் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் எச்சரித்தேன் என்றார் ஹாரிஸ். அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். மக்கள் இயக்கத்தோடு வேர் இல்லாத வீரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்தச் சம்பவம் கசப்பான உதாரணம்.

1980களில் வாசல் அகன்றது. 1983 ஆகஸ்டில் கேப் டவுனில் தொடங்கிய ஐக்கிய ஜனநாயக முன்னணியில் நூற்றுக்கணக்கான அமைப்புகள் சேர்ந்தன. வெள்ளையர் குழுக்களும் அவற்றில் இருந்தன. வெள்ளை இளைஞர்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். கறுப்பர் குடியிருப்புகளை அடக்க அந்தப் படை அனுப்பப்பட்டபோது, கட்டாய ராணுவ சேவை எதிர்ப்பு இயக்கம் வலுப்பெற்றது. தன் சமூகத்துக்குள் போய் வேலை செய் என்று பீகோ கேட்டதற்கு மிக நேரடியான பதில் இதுதான். 1988இல் டேவிட் புரூஸ் என்ற இளைஞர் சேவையை மறுத்ததற்கு ஆறு ஆண்டு தண்டனை பெற்றார். அதே ஆண்டு அரசு அந்த இயக்கத்தை முடக்கியது. மறுப்பவர்கள் எண்ணிக்கையோ அடுத்த ஆண்டு கூடியது.

விலை கொடுத்தவர்கள் பட்டியலில் நீல் ஆகெட் தனியாகச் சொல்லப்பட வேண்டியவர். இளம் மருத்துவரான அவர், இரவில் மருத்துவமனை வேலை பார்த்துக்கொண்டே பகலில் உணவுப் பதனிடல் தொழிலாளர் சங்கத்துக்குச் சம்பளமின்றி உழைத்தார். 70 நாள் காவலுக்குப் பின் 1982 பிப்ரவரி 5 அன்று ஜோகன்னஸ்பர்க் காவல் தலைமையகத்தில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றார்கள். அவருக்காக நாடெங்கும் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்தத் தற்கொலைத் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்து, போலீஸாரே அவர் சாவுக்குக் காரணம் என்று சொன்னது 2022இல். காவலில் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் பலருக்கு அந்தத் தாமதமான நீதிகூட இன்னும் வரவில்லை. அதே 1982 ஆகஸ்டில் மபூட்டோவில் கடித வெடிகுண்டு ரூத் ஃபர்ஸ்டைக் கொன்றது. 1988இல் அதே நகரில் குண்டுவெடிப்பில் ஆல்பி சாக்ஸ் வலது கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தார். பின்னாளில் புதிய அரசியல் சட்ட நீதிமன்றத்தில் அவர் நீதிபதியானார்.

ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் இவர்களுக்கு முழுக் கதவையும் திறக்க எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்பதையும் கவனிக்க வேண்டும். மற்ற இனத்தவர் உறுப்பினராகலாம் என்று 1969இல் மொரோகோரோ மாநாடு முடிவெடுத்தது, அதுவும் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு. தேசியச் செயற்குழுவில் இடம் 1985இல் கப்வே மாநாட்டில்தான் கிடைத்தது. ஜோ ஸ்லோவோ அப்படித் தேர்வான முதல் வெள்ளையர். கோல்ட்பெர்க் 22 ஆண்டுச் சிறைக்குப் பின் வெளியே வந்ததும் அதே ஆண்டில். உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களிடமும் காத்திருக்கச் சொன்னார்கள், அவர்களும் காத்திருந்தார்கள். தலைமை யாருடையது என்பதில் குழப்பம் வராமல் இருந்ததற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

2000 டிசம்பரில், முன்பு பிளாக் சாஷ் தலைவியாக இருந்த மேரி பர்ட்டன் உள்ளிட்ட சிலர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நிறவெறியால் வெள்ளையர்களாகிய நாங்கள் பலனடைந்தோம், அதைச் சரிசெய்யும் பொறுப்பு எங்களுக்கு உண்டு என்பதே அதன் சாரம். அதில் கையெழுத்திடும்படி வெள்ளையர்களைக் கேட்டார்கள். ஜனநாயகம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கையெழுத்துப் போட்டால் சிறையும் இல்லை, வெடிகுண்டும் இல்லை. அப்போதும் முன்வந்தவர்கள் குறைவுதான். மறுத்தவர்களில் பலர், தாங்கள் ஒருபோதும் நிறவெறியை ஆதரிக்கவில்லை என்றே காரணம் சொன்னார்கள்.